பழியைக் கணக்கால் துடைத்த பேராசிரியர் ஹால்டேன்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு பெரியவரின் வரலாறு எழுதித் தரும்படி தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். காந்தியடிகளைப் பற்றியும் பாரதியாரைப் பற்றியும் முன்பே பலர் நன்றாக எழுதிவிட்டார்கள். நான் வேறொருவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். காரணம், எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து லயத்தில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் எங்களோடு பந்து விளையாட வரமாட்டான். விழுந்தால் முட்டி வீங்கிக்கொள்ளும். பால்பல் விழுந்த அன்று இராத்திரி முழுக்க வாயில் இரத்தம் நிற்கவில்லை. கோயிலுக்குப் போனார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் பழி யார் தலையில் விழுந்தது தெரியுங்களா? அவனைப் பெற்ற அக்காவின் தலையில்தான். அவள் இரத்தம் கெட்ட இரத்தம் என்றார்கள், போன பிறவியில் செய்த பாவம் என்றார்கள். புருஷன் வீட்டார் அவரைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு அந்த அக்கா லாரி ஏறிப் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

பல ஆண்டு கழித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில், நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது, அந்தப் பழிக்கு 1947ஆம் ஆண்டிலேயே ஒருவர் பதில் கண்டுபிடித்துவிட்டார் என்று படித்தேன். அவர்தான் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவருடைய கதையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சுரங்கத்தில் தொடங்கிய படிப்பு

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், மனிதன் மூச்சு விடுவதைப் பற்றி ஆராய்ந்த அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் ஏன் மயங்கிச் சாகிறார்கள் என்பதை அறிய, சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்தவர் அவர். கூண்டில் ஒரு சிறு பறவையைக் கொண்டுபோனால், நச்சுக் காற்று வந்ததும் மனிதனுக்கு முன்னால் அது மயங்கி விழுந்து எச்சரிக்கும் என்று வழி சொன்னவரும் அவரே. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வேலையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

அந்தத் தந்தை மகனையும் சுரங்கத்துக்கு அழைத்துப் போவார். ஒருநாள் மேல்பாகத்தில் சுரங்கவாயு நிறைந்த ஓரிடத்தில் மகனை நிற்க வைத்து, நாடகத்தில் வரும் ஒரு நீண்ட பேச்சை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னார். சிறுவன் ஒப்பித்தான். சற்று நேரத்தில் மூச்சு வாங்கியது. கால்கள் மடிந்து தரையில் விழுந்தான். தரையில் காற்று நன்றாக இருந்தது, மூச்சு திரும்பிவிட்டது. அந்த வாயு காற்றைவிட இலேசானது, மேலேதான் நிற்கும் என்பதைச் சிறுவன் அன்று உடம்பாலேயே படித்துக்கொண்டான். உடம்பால் படித்த பாடம் மறக்குமா?

ஈட்டன் என்ற பெரிய பள்ளியில் மூத்த மாணவர்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினார்கள். ஆனாலும் படிப்பில் அவர் பின்வாங்கவில்லை. ஆக்ஸ்போர்டில் கணிதமும் பழைய கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் படித்துத் தேறினார். மாணவர்களே, இதைக் கவனியுங்கள்: உலகமே வியந்த இந்த விஞ்ஞானி அறிவியலில் ஒரு பட்டம்கூட வாங்கியவரல்லர்! தங்கை நயோமி வீட்டில் கினிப்பன்றிகளை வளர்த்தாள். எந்த நிறக் குட்டி எந்தத் தாய்தந்தைக்குப் பிறக்கிறது என்று இருவரும் எழுதி வைத்தார்கள். பின்பு எலிகளையும் அப்படியே வளர்த்துக் கணக்கெடுத்தார்கள். அந்த எலிக் கணக்கு 1915-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக அச்சானபோது அண்ணன் முதல் உலகப் போரின் போர்க்களத்தில் இருந்தார். கூட ஆராய்ந்த நண்பர் ஒருவர் அதே போரில் மாண்டார். ஹால்டேனும் காயப்பட்டு, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு உடல் தேறினார். இந்தியாமீது அவருக்குப் பற்று உண்டானது அப்போதுதான்.

போர் முடிந்ததும் ஆக்ஸ்போர்டிலும் பின்பு கேம்பிரிட்ஜிலும் ஆசிரியரானார். 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். தம் உடம்பிலேயே சோதனை செய்வது அவர் வழக்கம். இரத்தத்தில் புளிப்பு கூடினால் மூச்சு எப்படி மாறும் என்று அறிய அமிலம் கலந்த நீரைத் தாமே குடித்தவர் அவர். 1939 ஜூன் மாதத்தில் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். கப்பல் கட்டிய தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். தொழிற்சங்கங்களின் சார்பில் அந்த விசாரணையில் உதவ முன்வந்த ஹால்டேன், ஒரு இரும்பு அறைக்குள் தம்மை அடைத்துக்கொண்டு, அந்தக் கெட்ட காற்றில் மனிதன் என்ன பாடு படுவான் என்று அனுபவித்துப் பார்த்தார். இப்படிப்பட்ட சோதனைகளால் அவருடைய செவிப்பறை கிழிந்தது, முதுகெலும்பும் அடிபட்டது. தொழிலாளி சாகும்போது தூர நின்று பார்க்காத விஞ்ஞானி அவர்.

படி எடுப்பதில் வரும் பிழை

இனி நம் விஷயத்துக்கு வருவோம். பிள்ளை ஏன் தாய்தந்தையைப் போல இருக்கிறது? நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் ஒரு நீண்ட ஏடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ. என்ற அந்த ஏட்டில் எழுத்துகள் நான்கே நான்கு: ஏ, டி, ஜி, சி. மனிதனுக்குத் தாய்வழி ஒரு படி, தந்தைவழி ஒரு படி. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் ஏடு முழுவதும் படி எடுக்கப்படுகிறது.

நம் பள்ளியில் சொல்வதெழுதல் வைத்தால் என்ன நடக்கும்? கெட்டிக்காரப் பிள்ளைகூட எப்போதாவது ஒரு எழுத்தைத் தவறவிடும். ஏட்டைப் படி எடுக்கும்போதும் அப்படியே. அந்தத் தவறுக்குத்தான் சடுதி மாற்றம் என்று பெயர். பெரும்பாலான மாற்றங்களால் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை. சில நோய் தரும். மிகச் சில நன்மை தரும். இந்த மாற்றங்களைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். எத்தனை வருகின்றன? யார் வழியாக வருகின்றன? எந்தப் பக்கம் சாய்கின்றன? முதல் இரண்டு கேள்விகளுக்கும் மனிதரைப் பொறுத்தவரை வழி திறந்தவர் ஹால்டேன்.

எத்தனை?

அவர் எடுத்துக்கொண்டது ஹீமோஃபிலியா என்னும் நோய். எங்கள் தோட்டத்துப் பையனுக்கு இருந்தது போல, அடிபட்டால் இரத்தம் சீக்கிரம் உறையாது. இந்த நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். காரணம், கோளாறு உள்ள மரபணு எக்ஸ் என்ற குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் கோளாறு இருந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடு கொடுத்துவிடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதைத் தருவது தாய். அதில் கோளாறு இருந்தால் ஈடுகொடுக்க வேறொன்று இல்லை.

அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு மருந்து இல்லை. நோயுள்ள பையன்களில் பெரும்பாலோர் கலியாண வயதைக் காணுமுன்பே இறந்துவிடுவார்கள். அப்படியானால் அந்த மரபணு தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து, என்றோ மறைந்திருக்க வேண்டுமல்லவா? ஏன் மறையவில்லை? ஹால்டேன் யோசித்தார். நம் லயத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓட்டை, தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் தண்ணீர் மட்டம் குறையவில்லை. அப்படியென்றால் எங்கிருந்தோ அதே அளவு தண்ணீர் உள்ளே வருகிறது என்றுதானே பொருள்? ஒழுகுவதை அளந்தால் வருவதை அறியலாம். அவ்வளவுதான் கணக்கு! இந்த வழியில் 1935-ல் அவர், ஒரு தலைமுறையில் ஏறக்குறைய 50,000 குரோமோசோமுக்கு ஒன்றில் இந்த மரபணு புதிதாகப் பழுதாகிறது என்று மதிப்பிட்டார். டி.என்.ஏ.யின் வடிவம் 1953-ல்தான் தெரிந்தது. ஏட்டை யாரும் பார்ப்பதற்கு முன்பே, அதில் பிழை எவ்வளவு விழுகிறது என்று தாளும் பேனாவும் வைத்துக் கண்டவர் அவர்.

யார் வழியாக?

இரண்டாவது கேள்விதான் அந்த அக்காவின் கேள்வி. பழுது தாயிடம் பிறக்கிறதா, தந்தையிடம் பிறக்கிறதா? ஹால்டேன் நோயுள்ள குடும்பங்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார். இருபாலாரிடமும் சரிசமமாகப் பழுது உண்டானால், நோயுள்ள பையன்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாயிடம் அந்த மரபணு இருக்கக்கூடாது. அது அவளுடைய கருமுட்டையில் புதிதாக உண்டாகியிருக்க வேண்டும். ஆனால் பதிவுகள் அப்படிக் காட்டவில்லை. ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களும் அந்த மரபணுவை முன்பே சுமந்தவர்களாக இருந்தார்கள். அப்படியானால் அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது? குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லையென்றால், பெரும்பாலும் அவர்களுடைய தகப்பனாரிடம் புதிதாக உண்டாகி வந்திருக்க வேண்டும். ஆண்களிடம் இந்த மாற்றம் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1947-ல் அவர் எழுதினார்.

ஏன் இப்படி? ஒரு பெண்ணின் கருமுட்டைகளுக்கான படியெடுப்பு அவள் பிறக்கும் முன்பே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆணின் விந்தணுக்களை உண்டாக்கும் உயிரணுக்களோ வயதுக்கு வந்த நாள் முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய 23 முறை படியெடுத்துக்கொண்டே இருக்கின்றன. அதிக முறை எழுதினால் அதிகப் பிழை விழும். படியெடுப்பு மட்டுமே காரணம் அல்ல, எழுத்துகளுக்கு ஏற்படும் சேதம் செப்பனிடப்படாமல் போவதும் ஒரு காரணம் என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள்.

நம்ப முடியவில்லையா? அரண்மனைக்குப் போய்ப் பார்ப்போம். இங்கிலாந்தை ஆண்ட விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டுக்கு இந்த நோய் இருந்தது. கீழே விழுந்து அடிபட்டு 1884-ல் 30 வயதிலேயே இறந்தார். மகாராணியின் பெண்மக்கள் இருவர் வழியாக இது ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கும் பரவியது. ரஷ்ய இளவரசன் அலெக்ஸிக்கு வந்ததும் இதே நோய்தான். ஆனால் மகாராணிக்கு முன்னோர் யாருக்கும் இது இருந்ததாகத் தெரியவில்லை. அவர் 1819-ல் பிறந்தபோது அவருடைய தந்தைக்கு வயது 51. அந்தத் தந்தையின் ஏட்டில்தான் பிழை புதிதாக விழுந்திருக்கும் என்பது ஹால்டேனின் கருத்து. பாருங்கள்! வைத்தியருக்கும் பணத்துக்கும் குறைவில்லாத அரண்மனைக்கும் வந்தது, ஐந்தடி லயத்துக்கும் வந்தது. இதில் பாவம் எங்கே? சாபம் எங்கே?

2012-ல் ஐஸ்லாந்து நாட்டில் தாய், தந்தை, பிள்ளை என்று 78 குடும்பங்களின் ஏடுகளை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் ஏறக்குறைய 60 இருந்தன. அவற்றில் பெரும்பகுதி தந்தை வழியில் வந்தவை. தந்தையின் வயது ஒரு ஆண்டு கூடினால் மாற்றங்களும் ஏறக்குறைய இரண்டு கூடின. ஹால்டேன் தாளில் போட்ட கணக்கின் திசை 65 ஆண்டுக்குப் பிறகும் சரியாகவே நின்றது.

அப்படியானால் இனிமேல் ஆண்களைத் திட்டலாமா என்று சில தாய்மார்கள் கேட்கலாம். அதுவும் கூடாதுங்க! படியெடுக்கும் கை யாருடைய சொல்லையும் கேட்பதில்லை. நம் ஒவ்வொருவரிடமும் அப்படிப் புதிதாக விழுந்த எழுத்துகள் பல பத்து இருக்கின்றன, உங்களிடமும் என்னிடமும்தான். யாருக்கு எந்த இடத்தில் விழுந்தது என்பதில்தான் வேறுபாடு.

எந்தப் பக்கம்?

மூன்றாவது கேள்வியைக் கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். நம் பிள்ளைகள் சொல்வதெழுதலில் 'ழ' வரவேண்டிய இடத்தில் 'ள' போடுவது அதிகம். 'ள' வரவேண்டிய இடத்தில் 'ழ' போடுவது குறைவு. பிழைகள் எல்லாப் பக்கமும் சமமாக விழுவதில்லை. ஒரு பக்கம் சாய்கின்றன. நூறு 'ழ'வில் மூன்று 'ள' ஆகிறது, நூறு 'ள'வில் ஒன்றுதான் 'ழ' ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து நூறு உள்ள ஒரு பாடத்தை ஒருவர் பார்த்து மற்றவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று ஆயிரம் பேர் எழுதினால் என்ன ஆகும்? ஆசிரியர் யாரும் திருத்தவில்லை. முடிவில் 'ழ' 25, 'ள' 75 என்ற அளவுக்கு அருகில் வந்து நிற்கும். ஏன்? 75-ல் நூற்றுக்கு ஒன்று இந்தப் பக்கம் வருகிறது, 25-ல் நூற்றுக்கு மூன்று அந்தப் பக்கம் போகிறது, இரண்டும் சமம். தொடக்கத்தில் எத்தனை 'ழ' இருந்தாலும் முடிவு இதுதான். ஆறாம் ஆண்டு மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

இயற்கையிலும் இப்படியே. சி என்ற எழுத்தை அடுத்து ஜி வருமிடங்களில், சி டி-யாக மாறுவது மற்ற மாற்றங்களைவிடப் பத்து மடங்கு வாக்கில் அதிகம். திருத்துவார் இல்லாத இடங்களில் ஏடு மெல்ல மெல்ல ஏ, டி பக்கம் சாய்கிறது. மனிதனின் ஏட்டில் ஜி-யும் சி-யும் சேர்ந்து நூற்றுக்கு ஏறக்குறைய 41தான். பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களில் இது 25-க்கும் 75-க்கும் இடையில் இனத்துக்கு இனம் மாறுகிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குப் பிழைகளின் சாய்வே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று 1962-ல் நொபுரு சுயேக்கா என்ற ஜப்பானிய அறிஞர் விளக்கினார். வேறு காரணங்களும் உண்டு என்று பின்பு தெரிய வந்தது. ஆனால் சாய்வின் பங்கை இன்று யாரும் மறுப்பதில்லை.

சிவப்பு மை எடுத்துத் திருத்தும் ஆசிரியர் இயற்கையில் யார்? இயற்கைத் தேர்வுதான். பொருள் கெடும் பிழையை அது அடித்துவிடும். கெடாத பிழையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பரிணாமத்தில் திரும்பத் திரும்ப வரும் மாற்றங்களின் பங்கைப் பற்றி 1933-லேயே ஹால்டேன் ஒரு கட்டுரை எழுதினார். மாற்றங்கள் வரும் வேகம் மிகக் குறைவு, ஆகையால் தேர்வை எதிர்த்து அவை வெல்ல முடியாது என்பது அவர் கணக்கு. தேர்வு பாராமுகமாக இருக்கும் இடத்தில் சாய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பின்வந்தவர்கள் விரித்துக் காட்டினார்கள்.

அந்தச் சிவப்பு மையும் இடத்துக்கு இடம் மாறும். மத்தியதரைக் கடல் நாடுகளில் தலசீமியா என்ற இரத்தச் சோகை நோய் ஏன் இவ்வளவு அதிகம் என்று 1949-ல் ஹால்டேன் ஒரு விளக்கம் எழுதினார். அந்த மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர்களை மலேரியா அவ்வளவாகத் தாக்காது, அதனால்தான் அது அங்கே நிலைத்துவிட்டது என்றார். பிற்கால ஆராய்ச்சிகள் இதற்குச் சாதகமாகவே வந்தன. காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மாரைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்த குளிர்க்காய்ச்சல் இதே மலேரியாதான். ஒரே எழுத்து ஒரு ஊரில் பிழை, இன்னொரு ஊரில் கவசம்!

இந்தியாவைத் தேடி வந்தவர்

1956-ல் பிரிட்டன் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் எகிப்தின்மீது படையெடுத்தது. அதைக் கண்டித்து, 1957 ஜூலையில் மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு ஹால்டேன் இந்தியாவுக்கே வந்துவிட்டார். அவரும் விஞ்ஞானிதான். பேராசிரியர் மகலனோபிஸ் நடத்திய கல்கத்தாப் புள்ளியியல் கழகத்தில் ஹால்டேன் சேர்ந்தார். கோட்டும் காலுறையும் போய் ஜிப்பா வந்தது. சைவ உணவுக்கு மாறினார். பின்பு இந்தியக் குடிமகனும் ஆனார்.

விலை உயர்ந்த கருவி இல்லையே என்று அவர் மாணவர்கள் வருந்தியதில்லை. கண்ணும் பொறுமையும் எண்ணிக்கையும் இருந்தால் ஆராய்ச்சி செய்யலாம் என்று அவர் கற்றுக்கொடுத்தார். அங்கே டேவிஸ் என்ற ஆராய்ச்சியாளர் தென்னை மரங்களைப் பார்த்தார். மட்டைகள் சில மரங்களில் இடப்புறமாகவும் சில மரங்களில் வலப்புறமாகவும் சுற்றி வளர்கின்றன. தாய்மரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் கன்றுகள் ஏறக்குறைய பாதி இடம், பாதி வலம். அதாவது, தாயிடம் தெரிவதெல்லாம் பிள்ளைக்கு வருவதில்லை! மாணவர்களே, செம்பனையிலும் இந்தச் சுற்று உண்டு. நாளைக்கே தோட்டத்தில் நூறு மரங்களை எண்ணிப் பாருங்கள். இடம் எத்தனை, வலம் எத்தனை என்று நோட்டில் எழுதி வாருங்கள்.

1962-ல் ஒரிசாவின் புவனேஸ்வரில் அவர் ஒரு ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். அதன் பின்பு புற்றுநோய் கண்டது. இலண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, அந்த நோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார்; அறிகுறி தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே டாக்டரிடம் போகும்படி மக்களுக்கு அதில் அறிவுரையும் சொன்னார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேஸ்வரில் காலமானார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்கள் படிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. சுரங்கத்தில் சிறுவனாக உடம்பால் பாடம் படித்தவர், இறந்த பிறகும் உடம்பால் பாடம் நடத்தினார்.

அவரிடம் குறைகளும் உண்டு. முன்கோபக்காரர், அரசியல் கட்சிப் பற்றினால், மரபியலை மறுத்த சோவியத் நாட்டு லைசென்கோவை நெடுநாள் வெளிப்படையாகக் கண்டிக்காமல் இருந்தார். அறிவாளியும் சறுக்குவார் என்பதை மறைக்காமல் சொல்வதுதானே நியாயம்?

பெற்றோர்களே! கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு முட்டி அடிக்கடி வீங்கினால், பல் விழுந்து இரத்தம் நிற்காவிட்டால், கயிறு கட்டிவிட்டு உட்காராதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். இரத்தம் உறைய வைக்கும் ஊசிமருந்து இன்று உண்டு. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். கலியாணத்துக்கு முன் தலசீமியா சோதனையும் செய்துகொள்ளுங்கள். வந்த முடிவு எதுவானாலும், மருமகளை மூலையில் நிறுத்தி யார் இரத்தம் கெட்ட இரத்தம் என்று கேட்காதீர்கள்.

எங்கள் லயத்தை விட்டுப் போன அந்த அக்கா இன்று எந்த ஊரில் இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், அவரிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: அக்கா, நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. உங்கள் அப்பாவும் செய்யவில்லை. ஒரு எழுத்து மாறி விழுந்தது, அவ்வளவுதான். இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹால்டேன்.